முக்கால் அங்குலம்

போன மாதம் ரம்யா போன் செய்தாள். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் கிளார்க்காக இருந்த உப்புக் கம்பெனியில் இப்போது என் இடத்தில் இருக்கிற பெண் அவள். கம்பெனியின் பெயர் வேண்டாம். முதலாளி குடும்பம் இதே மரக்காணத்தில்தான் இருக்கிறது, நானும் இதே கடைத்தெருவில்தான் காய்கறி வாங்கியாக வேண்டும்.

“சார், புது ஆபீசுக்கு சேர் வாங்கணும்னு சொல்றாங்க. நாள் பூரா உக்காந்தாலும் முதுகு வலிக்காத மாதிரி எது நல்லா இருக்கும்? சர்வீஸ் பூரா உக்காந்தே இருந்தவரு நீங்க, அதான் கேக்கறேன்” என்றாள்.

இதில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு விவரம் போதாது என்று விட்டுவிட்டேன். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. ஓய்வு பெற்ற பிறகு, வீட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எழுத ஒரு நாற்காலி தேடி ஒன்றரை வருடமாக நான் நாய் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் நாற்காலியைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் பதில் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ரம்யா, படி. முதலாளியிடம் காட்டாதே.

ஓய்வு பெற்றவனுக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எழுத வேண்டியது ஒரே ஒரு காகிதம்தான். அது அஞ்சலைக்கு.

அஞ்சலை எங்கள் உப்பளத்தில் கூடை சுமந்தவள். ஓய்வூதியத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். எத்தனை வருடம் வேலை செய்தாய், சான்று கொண்டுவா என்றார்கள் ஓய்வூதிய ஆபீசில். கம்பெனிப் பதிவேட்டைப் பார்த்தால் அவள் பெயர் பிற்பாதி வருடங்களில்தான் இருக்கிறது, அது மனுவுக்குப் போதவில்லை. அதற்கு முன்னால் பதின்மூன்று வருடம் அவள் உப்பு சுமந்தது பதிவேட்டில் இல்லை. பதிவேடு எழுதிய கிளார்க் உயிரோடுதான் இருக்கிறார், அவரே தனக்குத் தெரிந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிளார்க் நான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவள் என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள்.

“சார், எழுதிட்டீங்களா?”

“உக்காந்து யோசிச்சு எழுதற வேலைம்மா அது. முதுகு ஒத்துக்க மாட்டேங்குது. நல்லதா ஒரு சேர் கிடைக்கட்டும், எழுதிடறேன்.”

“சரிங்க சார்” என்று போய்விடுவாள். உள்ளே இருந்து என் மனைவி சரோஜா பார்த்துக்கொண்டிருப்பாள். பாத்திரத்தைச் சற்றுப் பலமாக வைப்பாள்.

நான் சும்மா சாக்குச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். நாற்காலி தேடியது உண்மை. முதலில் வாங்கியது பிளாஸ்டிக் நாற்காலி. புது டைல்ஸ் தரையில் நான் உட்கார உட்கார அதன் நான்கு கால்களும் நான்கு திசைக்கு விலகும். ஒரு கை டேபிளைப் பிடித்திருக்க, இன்னொரு கையால் என்ன எழுதுவது? சரோஜா அதை மொட்டை மாடியில் வடாம் காவலுக்குப் போட்டுவிட்டாள்.

அடுத்தது என் மகன் சென்னையிலிருந்து ஆன்லைனில் அனுப்பியது. சக்கரம், பிடி, கழுத்துக்கு ஒரு தலையணை, ஏற்றி இறக்க ஒரு லீவர், எல்லாம் இருந்தது. மூன்று மாதம் ராஜா மாதிரி இருந்தேன். ஆனால் இது மரக்காணம். இங்கே காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கொக்கியே வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் துருவேறி நின்றன. பிறகு அந்த ஏற்றி இறக்குகிற குழாய் கெட்டது. உட்கார்ந்தால் நாற்காலி மெதுவாக, சத்தமே இல்லாமல், கீழே இறங்கும். ‘இதனால் தெரிவிப்பது யாதெனில்’ என்று எழுதி முடிப்பதற்குள் டேபிள் என் தாடைக்கு வந்துவிடும்.

“இன்னாங்க, எல்.கே.ஜி. பையன் மாதிரி உக்காந்துருக்கீங்க?” என்றாள் சரோஜா.

பொம்மையார்பாளையம் பக்கம் ஈ.சி.ஆர். ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வாங்குகிற பர்னிச்சர் கடை ஒன்று இருக்கிறது. அங்கே சாய்வு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். கடைக்காரப் பையன் தோளைத் தட்டி எழுப்பியபோது சரோஜா டீ குடித்து முடித்திருந்தாள். அது எழுதுகிற நாற்காலி இல்லை.

“ஊர்ல இருக்கறவன் எல்லாம் சேர்ல உக்காந்துதான் எழுதறான். உங்களுக்கு மட்டும் எதுவும் சேரலன்னா, கோளாறு சேர்ல இல்ல” என்றாள் அவள், பஸ்ஸில் வரும்போது. எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

இங்கே என் உத்தியோகக் கதையைச் சொல்லியாக வேண்டும். டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன், சிபாரிசு கிடைத்தது, இருபத்து நான்கு வயதில் சேர்ந்தேன். மூன்று வருடம் எடைச் சீட்டு எழுதினேன். அதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மேனேஜர் அறைக்குள் எனக்கு ஒரு மேஜை போட்டார்கள்.

மேனேஜர் பெயர் வைத்திலிங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெலிந்த மனிதர், கஞ்சி போட்ட சட்டை. எந்த உத்தரவையும் நேராகச் சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், பேப்பரை நான்காக மடிப்பார், பிறகு ஜன்னலைப் பார்த்து, “இப்படிப் பண்ணா எப்படி இருக்கும்?” என்பார். அது கேள்வி இல்லை என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆள் வந்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். உப்பளத்திலிருந்து வருகிறவர்கள் காலில் சேறும் உப்பும் ஒட்டியிருக்கும், தரை வீணாகும் என்ற கவலை.

அந்த அறைக்கு இரண்டு தேக்கு நாற்காலிகள் செய்யச் சொன்னார். பெருமுக்கல்லிலிருந்து ஆசாரி வந்து செய்தார். ஆணி இல்லாமல், மரமுளை அடித்து, இரண்டும் ஒரே அச்சு. ஒன்று எனக்கு; அதில் சரோஜா தைத்த இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டுக்கொண்டேன். இன்னொன்று வருகிறவர்களுக்கு. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. நாற்காலி அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒரு வாரம் பொறுத்தார் மேனேஜர். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்பா, உக்காந்தா பேச்சு நீளுது. சேரை எடுத்துட்டா மரியாதை இல்லன்னு பேசுவான். முன்னங்கால் கொஞ்சம் சின்னதா இருந்தா எப்படி இருக்கும்?”

ஆசாரி முடியாது என்று சொல்லிவிட்டார். “செஞ்ச கையால கால வெட்டறதா? வேற ஆளப் பாருங்க சாமி” என்று உளியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ரம்பத்தை எடுத்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மேனேஜர் என்னை நம்பி ஒரு ரகசிய வேலை கொடுத்திருக்கிறார் என்ற பெருமை வேறு.

முதலில் அரை அங்குலம் எடுத்தேன். மறுநாள் திண்டிவனத்து வியாபாரி ஒருவர் அதில் உட்கார்ந்து, டீ வரவழைத்துக் குடித்து, மகள் கல்யாணக் கதை முழுவதும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு இன்னும் கால் அங்குலம். ஒரு அங்குலம் எடுத்தால் ஆளுக்குத் தெரிந்துவிடும். முக்கால்தான் கணக்கு. இருக்கையின் பின்பக்கம் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து மூன்று எண்ணினால், மூன்றில் அது முன்பக்கம் வந்து கையில் விழ வேண்டும். இரண்டில் விழுந்தால் சரிவு அதிகம். நான்கு எண்ணியும் விழவில்லை என்றால் மெழுகு போதவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைதோறும் இருக்கைக்கு மெழுகு தேய்ப்பது என் பொறுப்பு. இருக்கைக்கு அடியில் பென்சிலால் ‘முக்கால்’ என்று எழுதி வைத்தேன், பின்னால் வேறொன்று செய்ய நேர்ந்தால் அளவு தெரிய வேண்டுமே என்று.

அதன் பிறகு மேனேஜரைப் பார்க்க வேண்டும். யார் வந்தாலும் எழுந்து நின்று, “வாங்க, உக்காருங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க” என்பார். வந்தவர் சாய்வார். வழுக்குவார். நிமிர்வார். காலை ஊன்றிக்கொள்வார். மறுபடி வழுக்குவார். ஐந்து நிமிடத்தில், “சரிங்க, அப்பறமா வர்றேன்” என்று எழுந்துவிடுவார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியாது. உப்பளத்து ஆட்கள் சிலர் மட்டும் கூடுதல் நேரம் தாங்கினார்கள், சேற்றில் நின்று பழகிய கால் என்று நினைத்துக்கொண்டேன். உப்பளத்து ஆளுக்கும் நாற்காலி போடுகிற மனிதர் என்று ஊரில் மேனேஜருக்கு நல்ல பெயர். நான் பதிவேட்டுக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொள்வேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று சிரித்தேன்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. அந்த நாற்காலியைச் சுற்றி அடிக்கடி கிளிஞ்சல் கிடக்கும். கழுவெளி ஏரிப் பக்கம் சேற்றில் கிடைக்கிற தடித்த கிளிஞ்சல்கள். உப்பளத்துக்காரர்கள் காலோடு வருகிறது என்று நினைத்து, பெருக்குகிற அம்மாவைப் பல தடவை திட்டியிருக்கிறேன்.

அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் உப்பளத்தில் அப்போது ஜோடி முறை. ஆண் பாத்தியில் உப்பை வாரிக் குவிப்பான், பெண் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜோடி. பதிவேட்டில் ஆணின் பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் ‘ஜோடி’ என்று போடுவேன். அஞ்சலை முதலில் புருஷன் பெயருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவன் இறந்த பிறகு அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் இருந்தாள். எங்கேயும் அஞ்சலை என்று இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவள் மேனேஜர் அறைக்கு வந்தாள். முதல் நாளே அவள் அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தான்: “எம்பேரத் தனியா எழுதுங்கன்னு கேக்கப் போறா சார். நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க.” அதனால் அவள் எதற்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். ஒருத்திக்கு எழுதினால் நூறு பேருக்கு எழுத வேண்டும், பதிவேடு இரட்டிப்பாகும், எழுதப்போவது நான். அதுவும் எனக்குத் தெரியும்.

மேனேஜர் எழுந்து நின்றார். “வாம்மா, உக்காரு. நல்லா சாஞ்சு உக்காரு.”

உட்கார்ந்தாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். பயத்தில் கையை இறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அன்று நான் பதிவேட்டுக்குள் தலையை விடவில்லை. எத்தனை நேரம் தாங்குகிறாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு சொல்லணும் சார்” என்றாள். வழுக்கியது. புடவையை இழுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். “எங்கண்ணன் பேர்ல…” மறுபடி வழுக்கியது. கால் வெடிப்பில் ரத்தம் கசிந்து தரையில் பட்டது, மேனேஜர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

“இன்னொரு நாள் வர்றேன் சார்.”

அப்புறம் அவள் வரவில்லை. பெண்கள் பெயரையும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று வெளியிலிருந்து உத்தரவு வந்து, நான் புதுப் பதிவேடு போட்டபோதுதான் அவள் பெயர் ஏறியது. அதற்குள் பதின்மூன்று வருடம் போயிருந்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் நான்கு வருடம். இந்தக் கதையை அந்தக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் நாற்காலி நாற்காலி என்று அலைந்தேன். நல்ல நாற்காலி கிடைத்துவிட்டால் எழுதியாக வேண்டுமே.

ரம்யா போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்று சொன்னாள். பழைய ஆபீஸ் சாமான்களை எல்லாம் கீழ்புத்துப்பட்டில் ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் தள்ளிவிட்டார்களாம். எனக்குச் சட்டென்று என் தேக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. முப்பது வருடம் என் முதுகைத் தாங்கியது அது. மறுநாளே பஸ் ஏறினேன்.

கடை வாசலில் ஒரே ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள்.

“ரெண்டு வந்துச்சு சார். ஒண்ண நேத்துதான் ஒரு ரிசார்ட்காரர் தூக்கிட்டுப் போனாரு” என்றார் கடைக்காரர்.

உட்கார்ந்தேன். ஆகா! முதுகு போய் அதன் இடத்தில் பொருந்தியது. இதுதான், சந்தேகமே இல்லை என்று சொல்லி, பேரம்கூடப் பேசாமல் வாங்கி, ஷேர் ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்தேன். மழைத்தண்ணீர் வடிவதற்காக அந்தக் கடை வாசலில் சிமெண்டைச் சரிவாகப் போட்டிருந்ததும், நாற்காலி மேட்டைப் பார்த்து நின்றதும் என் கண்ணில் படவில்லை.

வீட்டில் டேபிள் முன்னால் போட்டு, வெள்ளைத் தாள் எடுத்து, சாய்ந்து உட்கார்ந்தேன். வழுக்கினேன். நிமிர்ந்தேன். மறுபடி வழுக்கினேன். சரோஜா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். நான் எழுந்து, நாற்காலியை மெதுவாகக் கவிழ்த்துப் பார்த்தேன். வார்னிஷ்காரன் அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் வீணாக்கவில்லை. என் கையெழுத்து அப்படியே இருந்தது. முக்கால்.

சரோஜாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருடமாகச் சொல்லாததை எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்த அஞ்சலை இதுல உக்காந்துருக்காளா?” என்று கேட்டாள். நான் நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அஞ்சலை வந்தாள். வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே நின்றாள். சரோஜா போய்க் கேட்டைத் திறந்து, “உள்ள வா” என்று கூட்டிவந்துவிட்டாள். ஹாலுக்குள் வந்தவள் நாற்காலியைப் பார்த்து நின்றாள்.

“இது ஆபீஸ் சேருதான சார்? சறுக்குற சேரு?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும் சார். வேணும்னு வெட்டி வெச்சிருக்காங்கன்னு ஆசாரி அப்பவே சொல்லிட்டாரு. நாங்க போறப்ப ஆளுக்கு ரெண்டு கிளிஞ்சல் எடுத்துட்டுப் போவோம். மேனேஜர் கண்ணாடியக் கழட்டறப்ப முன்னங்கால் ரெண்டுக்கும் அடியில கவுத்து வெச்சுக்கிட்டா சறுக்காது. பேசிட்டு, கிளம்பறப்ப கால்ல தள்ளிவிட்டுட்டு வந்துடுவோம்.”

அத்தனை வருடம் நான் எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, உப்பளம் முழுவதும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

“அப்ப அன்னிக்கு நீ ஏன் வைக்கல?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“கையிலதான் வெச்சிருந்தேன் சார். நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எப்படிக் குனிஞ்சு வைக்கறது?”

அந்த மூடிய கை என் கண் முன்னால் வந்தது. எனக்கு அழுகை வந்தது, இருமுகிற மாதிரிப் பாவனை செய்தேன். அதற்குள் அஞ்சலை வெளியே போய், வாசலில் சரோஜா செடித்தொட்டியைச் சுற்றி அடுக்கியிருந்த கிளிஞ்சலில் தடித்ததாக இரண்டு பொறுக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து, நாற்காலியின் முன்னங்கால்களுக்கு அடியில் வைத்தாள். அசைத்துப் பார்த்தாள்.

“இப்ப உக்காந்து எழுதுங்க சார். முதுகு வலிக்காது.”

“நீ உக்காரும்மா” என்றேன்.

“பரவால்ல சார், நான் நிக்கறேன்.”

“நல்லா சாஞ்சு உக்காரு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவளுக்கும் உறைத்தது போல. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். சாய்ந்தாள். வழுக்கவில்லை.

வேறு நாற்காலி இல்லை. மகன் அனுப்பியது பழைய இரும்புக்குப் போய்விட்டது, பிளாஸ்டிக் மாடியில் வடாமைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. சரோஜா சமையல் மேடையில் கிடந்த பாத்திரங்களை ஒதுக்கி, துணியால் துடைத்துக் கொடுத்தாள். தாளை அதன்மேல் வைத்து நின்றபடியே எழுத ஆரம்பித்தேன். அஞ்சலை ஹாலிலிருந்து முதல் வருடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். எந்தப் பாத்தி, எந்த மேடு, யார் கங்காணி, எந்த மழையில் குவியல் கரைந்தது, எல்லாம் சொன்னாள். பேச்சு நீண்டது. நான் குறுக்கிடவில்லை.

முடித்துப் படித்துக் காட்டினேன். மேற்படி பதின்மூன்று ஆண்டுகளும் அவர் பெயர் பதிவேட்டில் விடுபட்டுவிட்டது என்று எழுதியிருந்தேன்.

“தானா விட்டுப்போச்சா சார்?” என்றாள்.

அந்த வரியை அடித்தேன். இவர் வேலை செய்தது எனக்குத் தெரியும், தெரிந்தும் நான் இவர் பெயரை எழுதவில்லை, கேட்க வந்தபோது கேட்கவும் விடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நின்றுகொண்டே எழுதியதால் முதுகு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே வலித்தது.

காகிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. வரும் வரைக்கும் விசாரிக்கப் போவது என் வேலை. ரம்யா, நீ எந்த சேரை வேண்டுமானாலும் வாங்கு. வருகிறவர்களுக்குப் போடுகிறதில் மட்டும் முதலில் நீ ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்.

அன்று அஞ்சலை காகிதத்தை வாங்கி, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கைகளை நாற்காலியின் பிடியில் வைத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, “அக்கா, டீ இருக்குதா?” என்று கேட்டாள்.